ருசி பார்க்காத மாதம்

அடுத்தவர் வாயை நம்பிப் பிழைக்கிற தொழில்கள் எனக்குத் தெரிந்து இரண்டு: பல் வைத்தியம், பரிமாறுதல். பல் வைத்தியருக்கு ஒரு வசதி உண்டு. வாயைத் திறந்தவர் பேச முடியாது.

நான் சிங்கப்பூர் தேக்காவில், பெரிய சாலையிலிருந்து உள்ளடங்கிய ஒரு சந்தில் இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சூப்பர்வைசர். முன்பு துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். முதுகு ஒத்துழைக்க மறுத்ததும் இங்கே வந்தேன். பதவியின் பெயர்தான் சூப்பர்வைசர். ஆள் பற்றாத நாளில், அதாவது எல்லா நாளிலும், சாம்பார் வாளி என் கையில்தான். நின்றே வேலை பார்த்து, வீட்டுக்குப் போய் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்ளும் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வருடம் நோன்பு மாதத்தில் நடந்தவற்றைச் சொல்கிறேன். அதற்கு முன் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். என் மனைவி சாந்திக்குத் தொண்டையில் கட்டி. கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து கட்டி போய்விட்டது. போகிற போக்கில் நாக்கின் ருசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எதை வாயில் வைத்தாலும் நனைந்த அட்டைப் பெட்டி மாதிரி இருக்கிறது என்றாள். ருசி திரும்பும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்குள் எடை இப்படியே இறங்கிக்கொண்டு போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பகல் முழுக்க ஊருக்கே சோறு போடுகிறவன் வீட்டில் ஒருத்தியை நாலு வாய் சாப்பிட வைக்க முடியவில்லையே, இது என்ன பிழைப்பு என்று எம்ஆர்டி ரயிலில் யோசித்துக்கொண்டே போவேன். பதில் கிடைப்பதற்குள் வீடு இருக்கும் பிடோக் வந்துவிடும்.

டம்ளரில் சாய்ந்த மனைவி

ஞாயிற்றுக்கிழமை மதியம் துவாஸ் தொழிற்பேட்டை விடுதிகளிலிருந்து வரும் ஊழியர்களால் கடை நிரம்பும். அவர்களில் செல்வம் என்ற வெல்டர் எப்போதும் சுவரோரம் உட்காருவார். இலை போட்டதும் கைபேசியைத் தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைப்பார். அதில் பட்டுக்கோட்டையில் இருக்கும் அவர் மனைவி தெரிவார். அந்த அம்மாள் அங்கே துணி மடிப்பார், வெங்காயம் உரிப்பார். இவர் இங்கே சாப்பிடுவார். பேச்சு அதிகம் இருக்காது. பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும் தம்பதி மாதிரி அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் தொழிலில் வாடிக்கையாளரின் வாயை விடக் கையைத்தான் பார்க்க வேண்டும். இலைக்கு மேல் கை குறுக்கே வந்தால் போதும் என்று அர்த்தம். வாளி அடுத்த இலைக்கு நகர்ந்துவிட வேண்டும். அன்று நான் ரசம் கொண்டுபோனபோது செல்வத்தின் கை குறுக்கே வந்தது. நகர்ந்தேன். டம்ளருக்குள்ளிருந்து ஒரு குரல் என்னை நிறுத்தியது. வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே அந்த அம்மாள் பேசினார். கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் கணவனின் கை பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கிறாள். நான் ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்தும் சாந்தியின் கை என்ன சொல்கிறது என்று தெரியாமல் விழிக்கிறேன். அந்த அம்மாள் சொன்னது இதுதான்:

“அண்ணே, அவரு கையைப் பாக்காதீங்க, ஊத்துங்க. கூட இருக்கறவங்க சிரிப்பாங்கன்னு வேணாங்கிறாரு. போன வாரமும் இப்படித்தான், ரூமுக்குப் போயி பசிக்குதுன்னு எனக்குப் போன் பண்றாரு.”

நாக்குகள் விடுப்பில்

எங்கள் மாஸ்டர் காதர் பாய். பூர்வீகம் கடையநல்லூர், பிறந்து வளர்ந்தது இங்கே. என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். நோன்பு மாதத்திலும் அடுப்படியை விடமாட்டார். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத மனிதர், பிரியாணி அண்டாவைத் திறந்து அந்த ஆவியில் முகத்தை வைத்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு வருடமும் மெய்சிலிர்க்கும். நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசலில் சொல்லியிருக்கிறார்களாம். பாய் அதற்கும் ஒப்பமாட்டார். “நாக்குல பட்டதுக்கப்புறம் தொண்டை சும்மா இருக்குமா? எனக்கு என்னைப் பத்தித் தெரியும்” என்பார். அதனால் அந்த மாதம் முழுக்க அவருக்கு நாக்கு நான்தான். “மச்சான், வந்து வாய் வைங்க” என்று உள்ளிருந்து சத்தம் வரும். போவேன். ஒரு கரண்டி உள்ளங்கையில் ஊற்றுவார். நான் தலையாட்டினால் அடுப்பை அணைப்பார்.

இந்த வருடம் அதில் சிக்கல். சாந்திக்காகப் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு நானும் விரதத்தில் இருந்தேன். கறி, மீன் கிடையாது. வீட்டுக்கு வெளியே சமைத்த எதையும் வாயில் வைப்பதில்லை. பக்தியா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல எனக்கு வராது. அவள் எதையும் ருசிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் மீன் குழம்பைச் சப்புக்கொட்டுவது கூசியது. அந்தக் கூச்சத்துக்குச் சாமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டேனோ என்று இன்றைக்கும் சந்தேகம் உண்டு. சாமிக்கு இது தெரியாமலா இருக்கும்.

விஷயத்தைச் சொன்னதும் பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். உதவிச் சமையல்காரரும் நோன்பு. முதலாளியம்மா போன வருடத்திலிருந்து சைவம். இலை போடும் பெண் மியன்மார்க்காரர். எதைக் கொடுத்தாலும் காரம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடுவார். பாய் ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணி முடித்து, தாடியைத் தடவிக்கொண்டார்.

“ஆகக்கூடி, இந்தக் கடையில இருக்கிற நாக்கெல்லாம் பேசறதுக்கு மட்டும்தான்னு சொல்லுங்க, மச்சான்.”

இரண்டு பேரின் கருணை

முதல் வாரமே விபத்து நடந்தது. மீன் தலைக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பாய் நெற்றியைத் துண்டால் ஒற்றிக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். உப்பு டப்பா மூடியபடி, மேல்தட்டில், தொடப்படாததுபோல் இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நோன்பாளியைப் போய் “உப்புப் போட்டீங்களா” என்று கேட்டு மனசைக் கஷ்டப்படுத்துவானேன் என்று நானே ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டேன். பாய் ஏற்கெனவே போட்டிருந்தார். அதோடு நிற்கவில்லை. இந்த வருடம் மச்சான் வாய் வைக்கவில்லை, குறைவாக இருந்தால் அவர்தான் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவார் என்று என் மேல் இரக்கப்பட்டு, திரும்பி வந்து இன்னொரு அரைக்கையும் போட்டிருக்கிறார். ஒருவர் மனம் நோகாமல் இருக்க இன்னொருவர் பாடுபட்டதில் மீனின் கதி அப்படி ஆனது.

அதை முதலில் சாப்பிட்டவர் மிஸ்டர் லிம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். குவீன்ஸ்டவுனிலிருந்து வாரத்தில் பாதி நாள் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் கடைக்கு வருவார். இலையில் சோறு, பக்கத்தில் மண்சட்டியில் மீன் தலைக் கறி, கரண்டி தொடாமல் கையால் சாப்பிடுவார். அவர் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி மலாய். தமிழில் தருகிறேன், வாக்கிய முடிவில் அவர் ஒட்டும் ‘லா’வை மட்டும் அவர் வைத்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன். அன்று ஒரு வாய் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய், இன்னொரு டம்ளர். முகம் மாறவே இல்லை. கன்னத்துச் சதையைப் பிரித்து, கண்ணை உறிஞ்சி, எலும்பை ஓரமாக அடுக்கி, முழுவதும் முடித்தார். கை கழுவிவிட்டுப் போகும்போது என் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

“மீன் ரொம்ப ஃப்ரெஷ் லா. கடலும் சேர்ந்தே வந்திருக்கு.”

பாய் அனுப்பிய கஞ்சி

மறுநாளிலிருந்து மிஸ்டர் லிம்தான் எங்கள் நாக்கு. பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். அவர் வராத நாளில் தபால்காரரையோ பக்கத்து நகைக்கடைக் காவலாளியையோ இழுத்து வந்து வாயில் ஊற்றினோம். கறிக்கு இப்படி வழி கிடைத்தது. அவர்களெல்லாம் போன பிறகு காய்ச்சும் கஞ்சிக்கு யாரும் இல்லை.

நோன்பு மாதத்தில் பாய் ஒவ்வொரு நாளும் பிற்பகலில் கஞ்சி காய்ச்சுவார்: அரிசி, பாசிப்பருப்பு, கொத்துக்கறி, வெந்தயம், இஞ்சி, கடைசியில் தேங்காய்ப்பால். சாந்திக்கு விழுங்கக் கஷ்டம் என்று தெரிந்ததும் அவளுக்கென்று தனியாக ஒரு சிறிய பாத்திரம் அடுப்பில் ஏறியது. மிளகாய் வாடையே படாமல், கறியை இன்னும் பொடியாகக் கொத்தி, அதிகம் குழையவிட்டு, தூக்குச்சட்டியில் ஊற்றி, மூடிக்கு மேல் துணி கட்டிக் கொடுப்பார். செய்கிறவர் ருசி பார்க்கவில்லை. சுமந்துகொண்டு போகிறவன் ருசி பார்க்கக் கூடாது. சாப்பிடப் போகிறவளுக்கு ருசி தெரியாது. பிடோக் வரைக்கும் அந்தச் சூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருவரும் ருசிக்காத ஒன்றை இத்தனை அக்கறையாகச் செய்ய முடியுமா என்று நினைக்கும்போது, கோயிலில் கூட எனக்கு வராத ஒரு பயபக்தி ரயிலில் வந்தது.

அவள் நாலைந்து கரண்டி குடிப்பாள். பிறகு மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் தொண்டை அசைகிறதா என்று பார்ப்பேன். “அப்படிப் பாக்காதீங்க, பரீட்சை எழுதற மாதிரி இருக்கு” என்பாள். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திரும்பிப் பார்த்தால் கிண்ணம் மூடியிருக்கும். மறுநாள் பாய் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள்.

“நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. பாவம், அவரும் என்னை மாதிரிதான், குத்துமதிப்புல ஓட்டறாரு.”

ஒற்றை நாற்காலி

அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போய் எடை பார்க்க வேண்டும் என்ற நிலையில், ஒரு நாள் மிஸ்டர் லிம்மின் மேசையில் சோறு போட வேண்டியவன் சாம்பாரை ஊற்றிவிட்டேன். வெறும் இலையில் சாம்பார் ஓடியது. அவர் இலையின் ஓரத்தை மடித்து அணை கட்டிவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். கடை அப்போது காலி. சொன்னேன்: கட்டி, நாக்கு, கஞ்சி, குழாய், எல்லாம். வாடிக்கையாளரிடம் வீட்டுக் கதை சொல்லக் கூடாது என்று புதிய ஆட்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான்.

அவர், உன் மனைவி எங்கே சாப்பிடுகிறாள் என்று கேட்டார். வீட்டில்தான், வேறு எங்கே என்றேன். யாரோடு என்றார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றேன். நீயும் சாப்பிடுவாயா என்றார். அவள் முடிக்கட்டும் என்று காத்திருப்பேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை. அவர் இத்தனை காலம் எங்கள் கறிக்காகத்தான் பேருந்து மாறி வருகிறார் என்று நானும் பாயும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பெருமையை அன்று அவர் நோகாமல் கழற்றி மேசையில் வைத்தார்.

“உங்க கறி ஓகே லா. ஆனா அதுக்காக வரல. என் வீட்டு மேசைக்கு ஒரே நாற்காலி. அங்க உக்காந்தா சோறு சும்மா சோறுதான். இங்க நாலு பேரு வாய் அசையறதைப் பார்த்தா என் வாயும் அசையுது.”

மூலை மேசை

கடைக்கு வந்து சாப்பிடு என்று நான் கூப்பிட்டதும் சாந்தி வரவில்லை. கழுத்தில் தோல் கறுத்திருக்கிறது, நாலு பேர் முன்னால் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் உங்களுக்குத்தான் அவமானம் என்றாள். பாய் கைபேசியில் பேசினார். “தங்கச்சி, கஞ்சி காய்ச்சறவன் மூஞ்சியைப் பாக்காம இத்தனை நாள் குடிச்சிட்டீங்க, ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போங்க” என்றார். கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு மறுநாள் சாயங்காலம் வந்தாள். மூலை மேசையில் உட்கார வைத்தேன். அங்கிருந்து மொத்தக் கடையும் தெரியும், அவளை அதிகம் பேர் பார்க்க முடியாது. அவளுக்கு முன்னால் கஞ்சிக் கிண்ணம் மட்டும். மொறுமொறுப்பானது தொண்டையைக் கீறும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், எல்லா மேசையிலும் இருக்கும் அப்பளக் கூடையை அந்த மேசையிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன்.

நோன்பு திறக்கும் நேரத்தில் எங்கள் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எல்லா இலையிலும் சோறு வைத்தாகிவிட்டது. கஞ்சி ஆவி பறக்கிறது. ஒருவரும் தொடவில்லை. அலுவலகச் சட்டையோடு வந்தவர்கள், குடும்பங்கள், எல்லோரும் பேரீச்சம்பழத்தை விரலில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் சொல்லாமலே மற்ற மேசைக்காரர்களும் கையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். நிரம்பி வழியும் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுகிற சத்தமே இல்லை. ஒவ்வொரு வருடமும் பார்த்தும் எனக்குப் பழகாத காட்சி இது. சாந்தி ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். பல மாதங்களுக்குப் பிறகு, உணவை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவள் அவள் ஒருத்தி மட்டுமாக இல்லை. அவள் தோள் இறங்கித் தளர்ந்ததை வாளியோடு நின்ற இடத்திலிருந்து பார்த்தேன்.

யாரோ ஒருவரின் கைபேசியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. ஒரே சமயத்தில் எல்லாக் கைகளும் இறங்கின. டம்ளர்கள், கரண்டிகள், நாற்காலிகள், அப்புறம் அப்பளங்கள்: இந்த மேசையில் ஒன்று, அந்த மேசையில் இரண்டு, பக்கத்து மேசையில் ஒரு பெரிய மனிதர் உள்ளங்கையால் இலையில் வைத்து நொறுக்கினார். சாந்தி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டாள். வீட்டில் கூப்பிடுவதுபோல் இல்லை. குரல் கம்மலாக இருந்தாலும் நாலு மேசைக்குக் கேட்டது. “இந்த மேசைக்கு யாருங்க பரிமாறுறது? எல்லாருக்கும் அப்பளம் இருக்கு, எனக்கு மட்டும் ஏன் இல்ல?”

டாக்டர் சொன்னது ஒரு பக்கம் இருந்தது. இந்த மாதங்களில் அவள் தானாக ஒன்றை வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை என்பது இன்னொரு பக்கம் இருந்தது. கூடையோடு போனேன். அவள் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து உடைத்தாள். கஞ்சியில் நொறுக்கிப் போட்டு, அது ஊறிக் குழையும் வரை பொறுமையாகக் காத்திருந்து, கரண்டியில் அள்ளினாள். நான் வேறு மேசைக்குப் போய்விட்டேன். பார்க்கக் கூடாது என்று அதற்குள் எனக்குப் புத்தி வந்திருந்தது. காதர் பாய் சமையலறை வாசலில், வாயில் போட்ட பேரீச்சம்பழத்தை மென்று விழுங்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

கிண்ணம் காலியானது. அந்த மாதம் முடியும்வரை சாயங்காலமானால் மூலை மேசைக்கு வந்தாள். எடை இறங்குவது நின்றது, குழாய்ப் பேச்சை டாக்டர் தள்ளிவைத்தார். பால்குடத்தையும் எடுத்தேன். எது பலித்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், நானே என்னிடம் கேட்டு அலுத்துவிட்டேன். ஆனால் இதெல்லாம் பிறகு வந்த செய்தி. அன்று காலிக் கிண்ணத்தை எடுக்கப் போனபோது, ருசி தெரிந்ததா என்று மெதுவாகக் கேட்டேன். உதட்டைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“ருசி ஒண்ணும் தெரியல. சத்தம் நல்லா இருக்கு. இன்னொரு கிண்ணம் கொண்டாங்க.”

குறை சொன்ன வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகிற பாக்கியம் இந்தத் தொழிலில் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று தெரியவில்லை, அன்று பிடோக் வரைக்கும் எனக்கு வாய்த்தது.